பழிகரப்பு அங்கதம்: ‘வாக் தி டாக்’ திரைப்படமும் அது கடந்துவந்த போர்களும்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துகிறது. வசைக்கு உரியவரை வெளிப்படச் சுட்டிப் பழிப்பது முன்னது. பழியை மொழிக்குள் கரந்து வைப்பது பின்னது. செய்யுளுக்கென வகுக்கப்பெற்ற இப்பகுப்பு, அமெரிக்கப் புதினம் ஒன்றுக்கும் அதிலிருந்து உருவான திரைப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் பெரிதும் உதவுகிறது. லாரி பைன்ஹார்ட் 1993இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் ஹீரோ’ என்னும் புதினம் செம்பொருள் அங்கதத்தின்பாற்பட்டது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போர், ஜார்ஜ் புஷ் மீண்டும் அதிபராவதற்காக ஹாலிவுட் இயக்குநர் ஒருவரைக் கொண்டு வடிவமைக்கப்பட்ட போர் என்பது அதன் கற்பனை. புஷ், அவருடைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், தேர்தல் உத்தியாளர் லீ அட்வாட்டர் ஆகியோர் தத்தம் பெயருடனேயே அதில் கதைமாந்தர் ஆகின்றனர். பேரி லெவின்சன் இயக்கத்தில் 1997 டிசம்பர் இறுதியில் வெளியான ‘வாக் தி டாக்’ திரைப்படமோ அப்பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டது. அதிபரின் பெயர் சொல்லப்படுவதில்லை. அவர் முகம் காட்டப்படுவதில்லை. அவர் எக்கட்சியினர் என்று அறியவும் வழியில்லை.

பெயர் கரந்த இந்த வெற்றிடமே படத்தின் பின்வரலாற்றைத் தீர்மானித்தது. வெளியான சில வாரங்களுக்குள் அமெரிக்கர்கள் அந்த இடத்தில் ஒரு பெயரை எழுதிக்கொண்டனர். ஏறத்தாழப் பதினைந்து மாதங்களுக்குப் பின் பெல்கிரேடின் அரசுத் தொலைக்காட்சி அதே படத்தைத் தன் வழக்குக்குச் சான்றாக ஒளிபரப்பியது. பொதுக்கருத்து எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைக் காட்ட எடுக்கப்பட்ட ஒரு படம், பொதுக்கருத்தைச் செய்யும் கருவிகளுள் ஒன்றாகத் தானே மாறிய போக்கை இக்கட்டுரை தொடர்ந்து நோக்குகிறது.

குவைத்துச் சிறுமியின் சாட்சியம்

படத்தின் கற்பனைக்கு அடியில் உண்மை நிகழ்ச்சி ஒன்று கிடக்கிறது. 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. நாடிழந்த குவைத்து அரசு வாஷிங்டனில் ‘சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்’ என்னும் பெயரில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தது. அதற்கு வேண்டிய நிதியில் மிகப் பெரும்பகுதி குவைத்து அரசிடமிருந்தே வந்தது. அவ்வமைப்பு அமெரிக்காவின் பெரிய மக்கள்தொடர்பு நிறுவனங்களுள் ஒன்றான ஹில் அண்ட் நோல்ட்டனை அமர்த்திக்கொண்டது. ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை அந்நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அமெரிக்கர்களின் மனத்தை எந்தச் செய்தி அசைக்கும் என்று கண்டறிவதற்கான ஆய்வுகள் நடத்தப்பட்டன. எண்ணெய்க் கிணறுகளும் எல்லைத் தகராறும் அவர்களை அசைக்கவில்லை. கொடுமையின் கதைகள் அசைத்தன.

அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் குழுவினர்முன் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். நயிரா என்ற முதற்பெயர் மட்டுமே வெளியிடப்பட்டது. குவைத்தில் உள்ள உறவினருக்கு ஊறு நேராதிருக்கவே முழுப்பெயர் மறைக்கப்படுவதாகக் கூறப்பட்டது. மருத்துவமனையொன்றில் தொண்டாற்றிக்கொண்டிருந்தபோது, ஈராக்கியப் படைவீரர் உள்ளே வந்து இன்குபேட்டர்களிலிருந்த குறைமாதக் குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோனதைத் தான் கண்டதாக அவள் அழுதுகொண்டே கூறினாள். ஹில் அண்ட் நோல்ட்டன் இதனை ஒளிப்பதிவு செய்து தொலைக்காட்சி நிலையங்களுக்கு அளித்தது. அன்றிரவே அது செய்தியானது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மனித உரிமைக் குழு என்பது நாடாளுமன்ற உறுப்பினர் சிலரின் கூட்டமைப்பு. முறைப்படி அமைந்த நாடாளுமன்றக் குழு அன்று. எனவே அங்குச் சாட்சி கூறுவோர் சத்தியப் பிரமாணத்தின் தளைக்கு உட்பட்டவர் அல்லர். ஆனால் மேசையும் ஒலிவாங்கியும் உறுப்பினர் வரிசையும் ஒன்றுபோலவே இருந்தன. பார்ப்பவருக்கு அது நாடாளுமன்றமே. அரங்க அமைப்பு ஒரு சொல்லுக்குச் சட்டம் தராத எடையைத் தந்துவிட்டது.

அடுத்த வாரங்களில் புஷ் தம் உரைகளில் இக்கதையைப் பலமுறை எடுத்தாண்டார். டிசம்பரில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு மாண்டதாகக் கூறும் அறிக்கையை வெளியிட்டது. 1991 ஜனவரி 12ஆம் நாள் போருக்கு ஒப்புதல் வழங்கும் தீர்மானம் செனட்டில் 52க்கு 47 என்ற கணக்கில் நிறைவேறியபோது, அதனை ஆதரித்த செனட்டர்கள் சிலர் இன்குபேட்டர் கதையை மேற்கோள் காட்டியிருந்தனர். வேறுபாடு ஐந்து வாக்குகள் மட்டுமே.

போர் முடிந்து குவைத்துக்குள் ஆய்வாளர் சென்றபோது கதை கரையத் தொடங்கியது. அம்னெஸ்டி தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1992 ஜனவரி 6ஆம் நாள் ஜான் மெக்கார்தர் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், நயிரா வேறு யாருமல்லள், அமெரிக்காவுக்கான குவைத்துத் தூதர் சவூத் நாசர் அல்சபாவின் மகள் என்பதை வெளிப்படுத்தினார். சாட்சியம் அளிக்கப்பட்ட நாளிலேயே குழுவின் இணைத்தலைவரான டாம் லாண்டோஸ் அதனை அறிந்திருந்தார்.

குவைத்தில் ஆக்கிரமிப்பாளர் கொடுமை இழைக்கவில்லை என்பது இதன் பொருளன்று. கொலையும் சித்திரவதையும் கொள்ளையும் நடந்தன. அவற்றுக்குச் சான்றுகள் உண்டு. இருந்த உண்மை போதாதென்று, விற்பனையாகக்கூடிய பொய்யொன்று அதன்மேல் ஏற்றப்பட்டது. பொய் அம்பலமான பின்பு, அடியிலிருந்த உண்மையும் சேர்ந்தே ஐயத்துக்கு உள்ளாயிற்று. பின்வந்த பத்தாண்டுகளின் கதைக்கு இதுவே வித்து.

படம் காட்டும் பட்டறை

‘வாக் தி டாக்’ என்னும் தொடர், வால் நாயை ஆட்டுவது என்ற தலைகீழ் நிலையைக் குறிப்பது. சிறியதொன்று பெரியதைத் தன் போக்குக்கு இழுப்பதை உணர்த்துவது. தேர்தலுக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவாகவே உள்ள நிலையில் அதிபர்மீது பாலியல் குற்றச்சாட்டு எழுகிறது. கான்ராட் பிரீன் என்னும் உத்தியாளர் (ராபர்ட் டி நீரோ) வெள்ளை மாளிகையின் நிலவறைக்கு அழைக்கப்படுகிறார். அவர் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஸ்டான்லி மோட்ஸை (டஸ்டின் ஹாஃப்மன்) நாடி, அல்பேனியாவுடன் ஒரு போரைத் ‘தயாரிக்க’ வேண்டுகிறார். அல்பேனியா ஏன்? அதைப் பற்றி அமெரிக்கருக்கு ஒன்றும் தெரியாது என்பதே காரணம்.

பிரீனின் முதல் உத்தி கூர்மையானது. பி-3 என்னும் புதிய குண்டுவீச்சு விமானம் பற்றி யாரும் கேளாதபோதே, அப்படியொரு விமானம் இல்லை என்று மறுப்புரை வெளியிடச் செய்கிறார். மறுப்பைக் கேட்டவுடன் செய்தியாளர் அதைத் தேடத் தொடங்குகின்றனர். பொய்யை நேரே சொன்னால் சொன்னவன் அதற்குப் பொறுப்பாளி. மறுத்தால், அதைக் கட்டி முடிக்கும் வேலையைக் கேட்பவன் ஏற்றுக்கொள்கிறான். வதந்தியின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய திரைக்காட்சி அரிது.

படத்தின் மையக் காட்சி, எரியும் சிற்றூரிலிருந்து பூனைக்குட்டியை அணைத்தபடி ஓடிவரும் அல்பேனியச் சிறுமியின் செய்திப்படம் உருவாக்கப்படும் இடம். சிறுமி ஒரு நடிகை. ஓடுவது படப்பிடிப்பு அரங்கில். அவள் கையிலிருப்பது நொறுக்குத்தீனிப் பொட்டலம். பூனைக்குட்டி பின்னர்க் கணினியில் சேர்க்கப்படுகிறது. குட்டி எந்நிறம் என்பதில்கூட அதிபர் தலையிட்டு வெள்ளைதான் வேண்டும் என்கிறார். இக்காட்சிக்கும் 1990 அக்டோபர் 10ஆம் நாள் நிகழ்வுக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. சிறுமி, பெயரின்மை, அணைத்துக்கொள்ளத்தக்க சிற்றுயிர் ஆகிய மூன்றும் இரண்டிலும் உண்டு. போர் ‘முடிந்துவிட்டது’ என்று எதிரணி அறிவிக்கச் செய்தபின், எதிரியிடம் சிக்கிய வீரன் ஒருவனைப் படைக்கிறார்கள். அவனுக்காகப் பழைய நாட்டுப்பாடல் ஒன்றைப் புதிதாக இயற்றிப் பழந்தட்டாக்கி நூலகத்தில் செருகி வைக்கிறார்கள். போலி ஆவணத்தைக் காப்பகத்துக்குள் நுழைக்கும் இந்தத் துணைக்கதை, பூனைக்குட்டிக் காட்சியளவு பேசப்படவில்லை. வரலாற்றாசிரியர்களை உண்மையில் அச்சுறுத்த வேண்டியது இதுவே.

இன்னொரு சிறு உரையாடலையும் குறிப்பிட வேண்டும். வளைகுடாப் போரின்போது உலகமெங்கும் காட்டப்பட்ட, குண்டொன்று கட்டடத்தின் புகைபோக்கிக்குள் நேராக இறங்கும் படம் உண்மையில் மாதிரிக் கட்டடத்தை வைத்து எடுக்கப்பட்டது என்கிறார் பிரீன். மெய்யாகவா என்று மோட்ஸ் வியக்கும்போது, அதை அறியத்தான் வழி ஏது என்கிற பாங்கில் விடை வருகிறது. அந்தப் போர்ப்படங்கள் போலியல்ல. ஆனால் அப்போரில் வீசப்பட்ட குண்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே இலக்குநோக்கி வழிநடத்தப்பட்டவை. எஞ்சியவை பழைய முறையில் வீழ்ந்தவை. உண்மையான படங்களைக்கொண்டே உண்மையல்லாத ஒரு போர்ச்சித்திரம் வரையப்பட்டது. படம் இதைவிட எளிய ஐயத்தைத் தேர்ந்துகொண்டது. தேர்வு, தொகுப்பு, விடுபாடு ஆகியவற்றால் நிகழும் மயக்கத்தைவிட, ‘எல்லாமே போலி’ என்னும் மயக்கம் நகைச்சுவைக்கு வாகானது. அங்கதம் அடைந்த வெற்றியும் அதன் குறைபாடும் இவ்வோரிடத்தில் சேர்ந்தே தெரிகின்றன.

இப்படம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர் செலவில், 29 நாள்களில் எடுக்கப்பட்டது. ஹாலிவுட் அளவில் இது சிக்கனமே. திரைக்கதை முழுவதும் டேவிட் மாமெட்டினுடையது என்று இயக்குநர் வாதிட, எழுத்தாளர் சங்கமோ முதல் வரைவை எழுதிய ஹிலரி ஹென்கினின் பெயரை முன்னும் மாமெட்டின் பெயரைப் பின்னும் இடுமாறு தீர்ப்பளித்தது. தன் படைப்புக்குப் பெயர் வேண்டும் என்று அடம்பிடித்த தயாரிப்பாளர் இறுதியில் கொல்லப்படுவதாகக் கதை அமைந்த படத்துக்கு இப்பூசல் பொருத்தமான பின்னிணைப்பே.

முன்னோர் வரிசை

ஊடகமும் பொதுக்கருத்தும் பற்றிய அமெரிக்க அங்கதப்படங்களுக்கு நீண்ட மரபு உண்டு. பிராங்க் காப்ராவின் ‘மீட் ஜான் டோ’ (1941) செய்தியாளர் ஒருத்தி புனைந்த கடிதத்திலிருந்து ஒரு மக்களியக்கம் பிறப்பதையும், அதைச் செல்வந்தன் ஒருவன் தன் பதவி வேட்கைக்குப் பயன்படுத்த முயல்வதையும் காட்டியது. எலியா கசானின் ‘எ ஃபேஸ் இன் தி கிரௌட்’ (1957), சிறையிலிருந்து வந்த பாடகன் தொலைக்காட்சியின் வழியே வாக்காளர் மனங்களுக்கு அதிபதியாவதைக் காட்டியது. சிட்னி லூமெட் இயக்கிய ‘நெட்வொர்க்’ (1976) சினத்தையே நிகழ்ச்சியாக்கி விற்கும் நிலையத்தைக் காட்டியது. மூன்றிலும் ஏமாற்று ஏதோ ஒரு கட்டத்தில் உடைகிறது அல்லது அதற்கு விலை கொடுக்கப்படுகிறது. மக்கள் விழித்துக்கொள்ளும் தருணம் குறைந்தது ஒன்றேனும் உண்டு. ‘வாக் தி டாக்’கில் அத்தருணம் இல்லை. மக்களே படத்தில் இல்லை எனலாம். அவர்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அப்பால் எங்கோ மரக்கிளைகளில் பழஞ்செருப்புகளை வீசி வீரனுக்கு அஞ்சலி செலுத்துபவர்களாக மட்டுமே தோன்றுகின்றனர். இந்த இகழ்ச்சி படத்துக்குக் கூர்மை தந்தது உண்மை. அதுவே அதன் அரசியல் வறுமையும் ஆகும்.

இவ்விடத்தில் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) பற்றியும் ஒரு சொல். பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், கியூபாவில் போர் இல்லை என்று திரும்ப விரும்பிய ஓவியர் பிரெடரிக் ரெமிங்டனுக்கு, நீர் படங்களை அனுப்பும், போரை நான் தருகிறேன் என்னும் கருத்துப்படத் தந்தியடித்ததாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. வெல்ஸ் அதனைத் தம் படத்தில் தழுவிக்கொண்டார்; இதழியல் பாடநூல்களும் ஏற்றுக்கொண்டன. ஆனால் அக்கதைக்கு மூலம் ஜேம்ஸ் கிரீல்மன் 1901இல் வெளியிட்ட நினைவுநூல் மட்டுமே. அவர் நிகழ்ச்சியின்போது உடனிருந்தவர் அல்லர். தந்தியை எவரும் கண்டதில்லை. தவிரவும், அது அனுப்பப்பட்டதாகக் கூறப்படும் 1897 ஜனவரியில் கியூபாவில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது. ‘போர் இல்லை’ என்று எழுத ஓவியருக்கு முகாந்திரமே இல்லை. ஜோசப் கேம்பல் என்னும் ஆய்வாளர் இவற்றை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். ஊடகம் போரை உருவாக்கும் என்பதற்கு உலகமே காட்டும் சான்று, பெரும்பாலும் ஊடகம் உருவாக்கிய கதை. ஊடகப் பொய் பற்றிய கதைகளும் ஊடகத்தின் வழியேதான் பரவுகின்றன. அவற்றுக்கெனத் தனி நேர்மை கிடையாது.

பெயர் எழுதப்பட்ட ஆண்டு

படம் 1998 ஜனவரி 9ஆம் நாள் அமெரிக்கா முழுவதும் திரையிடப்பட்டது. அதே மாதம் 21ஆம் நாள் அதிபர் பில் கிளின்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியாளராக இருந்த மோனிகா லூவின்ஸ்கிக்கும் இடையிலான உறவு பற்றிய செய்தி நாளிதழ்களில் வெடித்தது. கூட்டத்தின் நடுவே தட்டைத் தொப்பி அணிந்த இளம்பெண்ணை அதிபர் சந்திக்கும் ஒளிப்படக் காட்சி படத்திலும் இருந்தது. சில வாரங்களில் செய்தியிலும் வந்தது. படம் எடுக்கப்பட்டபோது இச்செய்தி எவருக்கும் தெரியாது. தற்செயலான ஒப்புமை தீர்க்கதரிசனமாக வாசிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 7ஆம் நாள் நைரோபி, தாருஸ்ஸலாம் நகரங்களில் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். 17ஆம் நாள் கிளின்டன் பெருநடுவர் குழுவின்முன் சாட்சியம் அளித்து, அன்றிரவே தொலைக்காட்சியில் நாட்டு மக்களிடம் தவற்றை ஒப்புக்கொண்டார். 20ஆம் நாள் அமெரிக்க ஏவுகணைகள் ஆப்கானிஸ்தானில் இருந்த பின்லாடனின் முகாம்களையும் சூடான் தலைநகர் கார்ட்டூமில் இருந்த அல்ஷிஃபா மருந்துத் தொழிற்சாலையையும் தாக்கின. அன்று பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் கோகன் செய்தியாளரைச் சந்தித்தபோது, ‘வாக் தி டாக்’ படத்தைப் பற்றியே நேரடியாகக் கேள்வி எழுந்தது. கரந்திருந்த பழி செம்பொருளாயிற்று.

பிரதிநிதிகள் அவைத் தலைவர் நியூட் கிங்ரிச் கிளின்டனின் கடும் எதிரி. எனினும் அவர் தாக்குதலை ஆதரித்தார். செனட்டர் டான் கோட்ஸ் போன்றோர் அது நிகழ்ந்த நேரத்தைக் குறித்து ஐயம் தெரிவித்தனர். படத்தின் பெயர் வாதத்துக்குப் பதிலாக வழங்கும் சுருக்கெழுத்தாகிவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஈராக்மீது குண்டுவீச்சு தொடங்கி, 19ஆம் நாள் பிரதிநிதிகள் அவை கிளின்டன்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியபோது அதே பெயர் மீண்டும் ஒலித்தது.

இதில் இழந்தது என்ன என்று பார்க்க வேண்டும். அல்ஷிஃபா தாக்குதல் குறித்துக் கேட்கப்பட வேண்டிய உண்மையான கேள்வி ஒன்று இருந்தது. அத்தொழிற்சாலையில் நச்சுவாயுவுக்கான வேதிப்பொருள் உருவாக்கப்பட்டது என்று அமெரிக்கா கூறியது. ஆலைக்கருகே எடுக்கப்பட்ட மண் மாதிரியே அதற்கான முதன்மைச் சான்று. அந்தச் சான்று எவ்வளவு வலியது என்பது பின்னர்ப் பெரும் ஐயத்துக்குள்ளானது. ஏழை நாடொன்றின் மருந்துத் தேவையில் கணிசமான பங்கை நிறைவேற்றிய ஆலை அழிந்தது. இரவுக்காவலர் ஒருவர் உயிரிழந்தார். ‘இலக்கு சரியானதா?’ என்ற இக்கேள்வி ஏவுகணை விழுந்த ஊரைப் பற்றியது. ‘அதிபர் திசைதிருப்புகிறாரா?’ என்ற கேள்வியோ வாஷிங்டனைப் பற்றியது. பின்னது முன்னதை விழுங்கிவிட்டது. தூதரகத் தாக்குதலில் மாண்ட கென்யரும் ஆலையில் மாண்ட சூடானியரும், படத்தில் வரும் அல்பேனியரைப் போலவே, வேறொருவர் கதையின் பின்னணித் திரையாயினர்.

இதன் விளைவு அவ்வாண்டோடு முடியவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றி விசாரித்த ஆணையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, இப்படத்தின் பெயரால் எழுந்த வசையையும் அக்காலக் கட்சிப்பூசலையும் அல்ஷிஃபா சான்றின் தன்மையையும் சேர்த்துக் குறிப்பிட்டு, பின்லாடனுக்கு எதிராகப் படைவலிமையைப் பயன்படுத்தும் பிற்கால முடிவுகளில் இவை ஒட்டுமொத்தத் தாக்கம் செலுத்தியிருக்கலாம் எனக் கருதியது. தம்மை எதுவும் கட்டுப்படுத்தியதாக உணரவில்லை என்று பாதுகாப்பு ஆலோசகர் சாண்டி பெர்கர் ஆணையத்திடம் கூறியதும் அவ்வறிக்கையிலேயே பதிவாகியுள்ளது. ஒரு நகைச்சுவைப் படத்தின் பெயர் இத்தகைய ஆவணத்துக்குள் இடம்பெற்றதே அதன் வீச்சைக் காட்டும்.

பெல்கிரேடின் திரையிடல்

1999 மார்ச் 24ஆம் நாள் கொசோவோ நெருக்கடியை முன்னிட்டு நேட்டோ யூகோஸ்லாவியாமீது குண்டுவீசத் தொடங்கியது. 78 நாள்கள் அது நீடித்தது. அப்போது செர்பிய அரசுத் தொலைக்காட்சி ‘வாக் தி டாக்’ படத்தை ஒளிபரப்பியது. நோக்கம் வெளிப்படை: இந்தப் போரும் கிளின்டனின் தயாரிப்பு, அல்பேனிய அகதிகளும் நடிகர்கள்.

கற்பனை இடம் மாறி வந்து மோதியது இங்கேதான். அமெரிக்கருக்குத் தெரியாத நாடு என்பதற்காகவே படம் அல்பேனியாவைத் தேர்ந்தெடுத்திருந்தது. இப்போது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கொசோவோ அல்பேனியர் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு, அல்பேனியாவின் கூகெஸ் ஊரையும் மாசிடோனியாவின் பிளாட்சே எல்லையையும் நோக்கி நடந்துகொண்டிருந்தனர். எரியும் சிற்றூரிலிருந்து ஓடிவரும் அல்பேனியச் சிறுமி இம்முறை அரங்கில் இல்லை. ஆனால் அவள் எப்படி இருப்பாள் என்பதை உலகம் ஏற்கெனவே நகைச்சுவையாகப் பார்த்து முடித்திருந்தது.

நேட்டோவின் கை தூயதாகவும் இல்லை. ஏப்ரல் 12ஆம் நாள் கிர்தெலிட்சா என்னும் இடத்தில் பாலத்தின்மேல் வந்த பயணிகள் தொடர்வண்டி தாக்கப்பட்டது. விமானியால் தவிர்த்திருக்க முடியாது என்று காட்டுவதற்காக நேட்டோ வெளியிட்ட ஒளிப்படம், உண்மை வேகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக ஓட்டப்பட்டது என்பதை ஜெர்மன் நாளிதழ் ஒன்று 2000 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றது நேட்டோ. ஏப்ரல் 23ஆம் நாள் பெல்கிரேடில் அந்தத் தொலைக்காட்சி நிலையமே குண்டுவீச்சுக்கு இலக்காகிப் பணியாளர் 16 பேர் மாண்டனர். பரப்புரை நிலையம் என்பதே தாக்குதலுக்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. ஆபத்து தெரிந்திருந்தும் பணியாளரை வெளியேற்றாத குற்றத்துக்காக நிலையத்தின் தலைமை இயக்குநருக்கு 2002இல் செர்பிய நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. மாண்டவர்களில் பலர் ஒளிப்பதிவு, ஒப்பனை, காவல் போன்ற பணிகளில் இருந்த எளியவர்கள்.

முள்ளிவாய்க்காலுக்குப் பின்

இந்த வரலாறு தமிழரைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அது திரைப்படத்தின் வழியே அன்று, அது பரப்பிய ஐயத்தின் வழியே. 2009 மே மாதத்தில் இலங்கைப் போர் முடிவுற்றது. கடைசி மாதங்களில் தன்னுரிமையுடன் இயங்கும் செய்தியாளர் எவரும் போர்க்களத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. ஆகஸ்ட் 25ஆம் நாள் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி, ஆடை களையப்பட்டுக் கைகள் கட்டப்பட்டவர்களைச் சீருடையினர் பின்னிருந்து சுட்டுக்கொல்லும் ஒளிப்படத்தை வெளியிட்டது. கைப்பேசியில் எடுக்கப்பட்டது என்று கூறப்பட்ட அப்படத்தை இலங்கை அரசு போலி என்று அறிவித்தது. தான் அமர்த்திய வல்லுநர்களைக் கொண்டும் அவ்வாறே கூறியது.

1990இன் நிகழ்வோடு இதனை ஒப்பிட்டால் முறை தலைகீழாகியிருப்பது தெரியும். அன்று பெயர் சொல்லாத ஒரு சிறுமியின் கூற்றை ஏற்கும் முன் அவள் யார் என்றுகூட எவரும் கேட்கவில்லை. இன்றோ கொல்லப்படுவோரின் உடலசைவும், துப்பாக்கியின் பின்னுதைப்பும், குருதி தெறிக்கும் விதமும் ஒவ்வொரு சட்டமாக அளக்கப்பட்டன. ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல் மருத்துவம், ஒளிப்பதிவுப் பகுப்பாய்வு, துப்பாக்கிச்சூட்டுச் சான்று ஆகிய மூன்று துறை வல்லுநரிடம் படத்தை ஒப்படைத்தார். 2010 ஜனவரியில், படம் மெய்யானது என்பதையே ஆய்வுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று அவர் அறிவித்தார். நேர்மையான ஆய்வாளர் என்ற முறையில், விளக்கம் கிட்டாத சில கூறுகளையும் அவர் மறைக்கவில்லை: வீழ்ந்தோர் சிலரின் அசைவு, படத்தின் இறுதியில் காணப்படும் 17 சட்டங்கள், கோப்பில் பதிவாகியிருந்த 2009 ஜூலை மாதத் தேதி. மறுப்பாளர் இக்கூறுகளையே பற்றிக்கொண்டனர். உண்மையைச் சொல்பவன் தன் சான்றின் எல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மறுப்பவனுக்கு அந்தக் கடமை இல்லை. படத்தில் இல்லாத விமானத்தை மறுத்து நம்பவைத்த பிரீன், இருக்கும் உடல்களை மறுத்து ஐயுறவைப்பதும் அதே கருவியால் முடியும் என்பதை எண்ணியிருக்க மாட்டார்.

2011 ஜூன் மாதத்தில் சேனல் 4 ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ என்னும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ஆகஸ்டில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு ‘ஒப்புக்கொள்ளப்பட்ட பொய்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் தன் மறுப்புப்படத்தை வெளியிட்டது. படத்துக்குப் படம் என்ற நிலையில், இரண்டையும் பார்த்துவிட்டு எதையும் நம்பாமல் எழுந்து போகும் பார்வையாளனே அரசுக்குப் போதுமானவனாக இருந்தான். தன் தரப்பை அவன் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. புலம்பெயர் தமிழர் நகரங்கள்தோறும் அந்த ஒளிப்படத்தை ஏந்திக்கொண்டு அலுவலகப் படிகளில் நின்றபோது எதிர்கொண்ட முதற்கேள்வி, கொல்லப்பட்டவர் யார் என்பதாக இருக்கவில்லை. இது மெய்தானா என்பதாகவே இருந்தது. அவ்வாண்டின் இறுதியில், இலங்கை அதிபர் தாமே அமைத்த கற்றறிந்த பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுகூட, சேனல் 4 ஒளிப்படங்களின் மெய்ம்மையைத் தன்னுரிமையான விசாரணை வழியே கண்டறிய வேண்டும் என்று பரிந்துரைத்தது.